பச்சை பல்பு எரியும்போது

பேருந்து திரும்பி நிற்கும் கடைசி நிறுத்தத்தில் இறங்கி இன்னும் பன்னிரண்டு நிமிடம் நடந்தால் எங்கள் வரிசை வரும். ஒன்பது அறைகள், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே தகரக் கூரை. முன்பு அது இயந்திர உதிரிபாகம் செய்த தொழிற்சாலை. மூடிய பிறகு நகர அலுவலகம் குறுக்கே சுவர் எழுப்பி வாடகைக்கு விட்டது. நகரத்துக்குள் வாடகை கட்டி மாளாதவர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தோம். யாரும் ஆசைப்பட்டு வரவில்லை.

முதல் அறை வெல்டர் அண்ணனுடையது. மேடைக்கும் கண்காட்சிக்கும் இரும்புச் சட்டம் செய்வார். அந்தச் சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டிப் படம் எழுதுபவர் அடுத்த அறை போர்டுக்காரர். அதற்கடுத்து நாடக உடுப்பு தைக்கும் தையலம்மா, பிறகு தச்சர், இப்படியே போகும். ஒன்பதாவது அறை எங்களுடையது. நாங்கள் படங்களுக்குச் சத்தம் செய்கிறோம்.

சத்தம் செய்கிறோம் என்றால் சிரிக்கிறார்கள். கதாநாயகன் சரளைக்கல்லில் நடந்து வருகிறான் அல்லவா, அந்தச் 'சரக் சரக்' அவன் காலுடையது இல்லை, என்னுடையது. ஒரு தட்டு நிறையக் கல், இருபத்தேழு ஜோடிச் செருப்பு, திரையைப் பார்த்து அவன் நடக்கும்போது நானும் நடக்க வேண்டும். நடப்பது அவன், காலில் ஆணி விழுவது எனக்கு. குடையை வேகமாக விரித்து மூடினால் புறா பறக்கும். கேரட்டை முறித்தால் எலும்பு முறியும். வரிசையில் என்னைச் சத்தக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

பதிவு இயந்திரத்தைப் பார்ப்பது என் நாத்தனார். அண்ணியும் நாத்தனாரும் ஒரே அறையில் நாள் முழுக்கச் சத்தம் போடாமல் இருக்கிறோம் என்பது உலக அதிசயங்களில் சேர வேண்டியது. அவள் எதையும் அழிக்க மாட்டாள். கெட்டுப்போன பதிவைக்கூட எடுத்து வைப்பாள். வெளியே ஏதாவது சத்தம் குறுக்கிட்டால், மைக்கில் அன்றைய தேதியையும் காரணத்தையும் சொல்லி முடிப்பாள்: "கெட்டுப்போச்சு. வெல்டர்." அல்லது, "கெட்டுப்போச்சு. தச்சர்." ஒருமுறை, "கெட்டுப்போச்சு. அண்ணியோட வயிறு." இந்தக் குப்பையை எதற்குச் சேர்க்கிறாய் என்று நான் கத்துவேன், அவள் காதில் வாங்க மாட்டாள். ஒவ்வொரு வேலையின் முடிவிலும் ஒரு நிமிடம் யாரும் அசையாமல் வெறும் அறையின் அமைதியைப் பதிவு செய்வோம். படத்தில் இடைவெளி வருகிற இடங்களில் ஒட்டுப்போட அது வேண்டும். அந்த ஒரு நிமிடத்தில்தான் எனக்குத் தும்மல் வரும்.

இரும்பு அறுக்கிற இடத்தில் இந்தத் தொழில் எப்படி நடக்கும் என்று கேட்கலாம். முதல் வருடம் நடக்கத்தான் இல்லை. எனக்கும் வெல்டர் அண்ணனுக்கும் வாய்ச்சண்டை முற்றி, தையலம்மா நடுவில் வந்து நின்று, கடைசியில் வெல்டர் அண்ணனே எங்கள் வாசல் நிலையின் மேல் ஒரு பல்பு மாட்டினார். அது எரிந்தால் வரிசையே வேலையை நிறுத்தும், அணைத்தால் தொடங்கும்.

பல்புக்குப் பச்சை வண்ணம் அடித்ததும் அவர்தான். "நிறுத்துறதுக்குச் சிவப்புதானேண்ணே" என்றேன். "சிவப்பு பல்பு மாட்டினா தெருவுக்கே வேற பேரு வந்துரும்மா" என்றார்.

பதினொரு வருடம் அப்படித்தான் ஓடியது. பல்பு எரியும், அறுக்கும் இயந்திரம் நிற்கும், ரம்பம் நிற்கும், எல்லோரும் தேநீர்க் குவளையோடு வாசலில் உட்காருவார்கள். பத்து நிமிடம், மிஞ்சினால் கால் மணி. எரியும்போது கதவைத் தட்டக் கூடாது, பேசக் கூடாது. இதை யாரும் எழுதி ஒட்டவில்லை, யாரும் மீறியதும் இல்லை. படவேலையே நின்றுபோன ஒரு வருடத்தில் என்னிடம் ஒரு கணினி விளையாட்டு நிறுவனம் நூறு வகைக் கதவுச் சத்தம் கேட்டது. தச்சர் கதவு செய்தார், வெல்டர் அண்ணன் கொண்டி செய்தார், ஒன்பது அறையிலும் அடுப்பு எரிந்தது. அடுத்த வருடம் போர்டுக்காரருக்குக் கிடைத்த கண்காட்சி வேலையில் நாங்கள் ஒண்டிக்கொண்டோம். இப்படி ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்துதான் வண்டி ஓடியது.

போன வருடம் நகர அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. கலைத்தொழில் நடக்கும் இடங்களைப் பட்டியல் எடுக்கிறார்கள். பட்டியலில் சேர்ந்தால் பத்து வருடத்துக்கு இடம் நம்முடையது. சேராவிட்டால் மூன்று மாதத்தில் காலி செய்ய வேண்டும், நிலம் பின்னால் இருக்கும் பார்சல் கிடங்குக்குப் போகும். அந்த மாதத்தில் ஏதோ ஒரு நாள், சொல்லாமல் கொள்ளாமல் ஒருவர் வந்து பார்ப்பார். அந்த நேரத்தில் ஒன்பதில் ஆறு அறையாவது இயங்க வேண்டும். ஏழாவது விதியாக இன்னொன்றும் இருந்தது: ஓர் அறையின் வேலை இன்னோர் அறையின் வேலையைக் கெடுக்கக் கூடாது.

அந்தக் கிடங்கில்தான் என் வீட்டுக்காரருக்கு வேலை. "இடம் கிடைச்சா எங்களுக்கு லாரி நிறுத்த வசதி. கிடைக்கலன்னா உனக்கு வசதி. எனக்கு ரெண்டுமே சோறுதான்" என்றார். நடுநிலை என்றால் அப்படியொரு நடுநிலை.

வரிசையில் யாரும் பயப்படவில்லை. "ஆறு என்ன, ஒம்பதும் ஓடுது. நம்ம என்னிக்குச் சும்மா இருந்தோம்?" என்றார் வெல்டர் அண்ணன்.

மூன்றாவது வாரம். எங்களுக்கு ஒரு படம் கெடுவோடு வந்திருந்தது. ஒரு கிழவர் மருத்துவமனை நடைவழியில் நடக்கிறார், நடக்கிறார், நடந்துகொண்டே இருக்கிறார். இயக்குநருக்கு அது கலை, எனக்கு அது முழங்கால் வலி. மூன்று நாளாகச் சரியான தூக்கம் இல்லை. அன்று நாத்தனாரின் மகளுக்குக் காய்ச்சல், அவள் வரவில்லை. நானே பல்பைப் போட்டு, நானே இயந்திரத்தை ஓட்டி, நானே நடந்தேன். பத்தரை மணிக்கு அந்தப் பதிவு முடிந்தது. செருப்பைக் கழற்றக் கம்பளி ஒட்டிய சுவரோரம் உட்கார்ந்தேன். ஒரு செருப்பைக் கழற்றியது நினைவிருக்கிறது.

விழித்தபோது பன்னிரண்டே கால். ஒரு காலில் கிழவரின் செருப்பு இருந்தது. பல்பின் பொத்தான் போட்டபடியே இருந்தது. பதறிப்போய் அணைத்துக் கதவைத் திறந்தேன். எட்டு அறை வாசலிலும் எட்டுப் பேர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வெல்டர் அண்ணன் எழுந்து, மரத்துப்போன காலை உதறினார்.

"பெரிய சீனா, சத்தக்கா?"

"ஆமாண்ணே" என்றேன்.

பொய்தான். தூங்கிவிட்டேன் என்று சொல்ல வெட்கம் பிடுங்கித் தின்றது. அவர் தலையாட்டிவிட்டுப் போய் இயந்திரத்தை ஓட்டினார்.

ஒன்பது நாள் கழித்து முடிவு வந்தது. பார்வையிட்ட தேதி, நேரம் எல்லாம் போட்டிருந்தது. பதினொரு மணி முதல் பதினொன்று நாற்பது வரை. இயங்கும் அறைகள்: இல்லை. எட்டு அறைகளில் ஆட்கள் சும்மா உட்கார்ந்திருந்தனர், ஓர் அறை மூடியிருந்தது.

போர்டுக்காரர் அதைத் தன் மேசையில் வைத்து உரக்கப் படித்தார். எல்லோரும் சுற்றி நின்றோம். "அன்னிக்கு ஒரு அம்மா பையோட வந்தாங்களே, தண்ணி மீட்டர் பாக்க வந்தவங்கன்னு நெனச்சேன்" என்றார் தச்சர். அந்த அம்மா பச்சை விளக்கைப் பார்த்து உள்ளே வரலாம் என்று எங்கள் கதவைத் தள்ளப் போயிருக்கிறார். வெல்டர் அண்ணன் நுனிக்காலில் ஓடிவந்து இரண்டு கையையும் விரித்து மறித்திருக்கிறார். வேலை எதுவும் நடக்கவில்லையா என்று கேட்டதற்குப் போர்டுக்காரர் உதட்டில் விரல் வைத்திருக்கிறார். தையலம்மா ஒரு கறுப்புத் துணியில் வெள்ளைச் சாக்குக்கட்டியால் 'பொறுங்கள்' என்று எழுதிக் காட்டி, உட்கார முக்காலியும் போட்டிருக்கிறார். அந்த அம்மா நாற்பது நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைத்தவள் நான். அது அங்கே இருந்த யாருக்கும் தெரியாது. பெரிய சீன் என்றல்லவா சொல்லியிருந்தேன்.

"அன்னிக்குச் சீன் எதுவும் இல்லண்ணே" என்றேன். "நான் உள்ள தூங்கிட்டேன்."

தையலம்மா நூற்கண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தூங்கிட்டியா?" என்றார் வெல்டர் அண்ணன்.

"ம்."

"நல்லாத் தூங்குனியா?"

"ம்."

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டார்.

திட்டியிருந்தால் தேவலை. நாலு வார்த்தை கேட்டிருந்தால் நானும் நாலு திருப்பிச் சொல்லி ஆறியிருப்பேன். ஒருவரும் திட்டாததில்தான் எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அன்று வீட்டுக்குப் போகும் பேருந்தில் இடம் இருந்தும் நின்றுகொண்டே போனேன்.

முறையீடு செய்யப் பதினைந்து நாள் அவகாசம். வரிசை வருடக்கணக்காக இயங்குகிறது என்று சான்று காட்ட வேண்டும். ரசீது காட்டலாம் என்றால் எங்களில் பாதிப் பேருக்கு ரசீது என்ற பழக்கமே இல்லை. நாத்தனார்தான் யோசனை சொன்னாள். கெட்டுப்போன பதிவுகள். பதினொரு வருடத்துச் சத்தம், தேதியோடு, காரணத்தோடு, அவள் குரலிலேயே. நான் குப்பை என்று சொன்னது அவ்வளவும் அவளிடம் இருந்தது.

இரண்டு பேரும் உட்கார்ந்து கேட்டோம். என் காலடிச் சத்தம் நாலு எட்டு வைக்கும், நடுவில் ரம்பம் பாயும், "கெட்டுப்போச்சு. தச்சர்." பல்பு எரிவதைக் கவனிக்காத ஏதோ ஒரு கணம், கை தவறிய ஒரு சுத்தியல், நாங்கள் சோம்பல்பட்டுப் பல்பைப் போடாமல் ஓட்டிய பதிவுகள். தையல் இயந்திரம் மழைபோல ஓடுகிறது. போர்டுக்காரர் எதற்கோ சிரிக்கிறார். அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை. அந்தச் சிரிப்பை நாங்கள் மூன்று முறை போட்டுக் கேட்டோம்.

பாதியில் நாத்தனார் காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றினாள்.

"அண்ணி, ஏழாவது விதியப் படிச்சீங்களா?"

"படிச்சேன்."

"இதப் போட்டுக் காட்டினா எட்டு அறையும் ஓடுதுன்னு நிரூபணம் ஆகும். கூடவே ஒம்பதாவது அறைக்கு இந்த இடம் லாயக்கில்லன்னும் ஆகும். சொந்தக் காசுல சூனியம் வெச்சுக்கறது இதான்."

"தூங்குனது யாரு?"

"அதுக்காக?"

"தூங்குனது யாருன்னு கேட்டேன்."

அவள் ஹெட்போனை மறுபடியும் மாட்டிக்கொண்டாள். நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் தியாகி இல்லை. அந்தக் கணத்தில்கூட, விதியை அவர்கள் கவனிக்காமல் விட்டுவிடுவார்கள் என்ற நப்பாசை இருந்தது. இந்த அறையை விட்டால் எனக்கு வேறு போக்கிடம் கிடையாது.

நகர அலுவலகத்தில் அதே அம்மாதான் இருந்தார். மேசையில் கோப்புகள், பாதி குடித்து ஆறிப்போன தேநீர், கண்ணுக்குக் கீழே கருவளையம். என்னைவிட நன்றாகத் தூங்கியவர் போலத் தெரியவில்லை. நானும் வெல்டர் அண்ணனும் நாத்தனாரும் எதிரே உட்கார்ந்தோம். விளக்கைப் பற்றி, தூங்கியதைப் பற்றி எல்லாம் சொன்னேன். பிறகு நாத்தனார் பதினொரு நிமிடப் பதிவை ஓடவிட்டாள். அந்த அம்மா முதலில் கோப்பைப் புரட்டிக்கொண்டே கேட்டார். பிறகு புரட்டுவதை நிறுத்தினார். அண்ணியின் வயிறு வந்தபோது சிரித்தேவிட்டார்.

"நம்பறேங்க. எட்டு அறையும் ஓடுது" என்றார். "இப்ப உங்களுக்கு ஒரு கேள்வி. இவங்க சத்தத்தால உங்க வேலை கெடுதா?"

இல்லை என்று சொன்னால் பதிவு பொய்யாகும். வெல்டர் அண்ணன் என்னைப் பார்த்தார். அவருக்கு ஏழாவது விதி தெரியாது. முதல் கடிதத்தைப் போர்டுக்காரர் படித்தபோது அவர் பாதியிலேயே எழுந்து போயிருந்தார்.

"கெடுதுங்க. ஆனா விளக்கு போட்டா நிறுத்திடுவாங்க. இதுவரைக்கும் ஒருத்தர்கூட முகம் சுளிச்சதில்ல" என்றேன்.

"அப்ப உங்களால அவங்க வேலை நிக்குது."

பதினொரு வருடத்தில் அதை அந்தப் பக்கத்திலிருந்து ஒருநாளும் யோசித்ததில்லை. அவர்கள் வாசலில் உட்கார்ந்து தேநீர் குடிக்கிறார்கள் என்று மட்டும்தான் நினைத்திருந்தேன்.

"விதிய எழுதினது நான் இல்லைங்க" என்றார் அந்த அம்மா, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி. "நகரத்துக்குள்ள புதுசா ஒரு கலைக்கூடம் கட்டியிருக்காங்க. சத்தம் வராத அறைகள் இருக்கு. விண்ணப்பம் தரட்டுமா?"

அதன் வாடகையை நான் ஏற்கெனவே விசாரித்திருந்தேன். விண்ணப்பத்தை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன். கொடுப்பதை வேண்டாம் என்று சொல்லவும் தெம்பு இல்லை.

எட்டு அறைக்குப் பத்து வருடம், ஒன்பதாவது மூன்று மாதத்தில் காலி. வெல்டர் அண்ணன் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று மூன்று நாள் அடம்பிடித்தார். "ஒம்பதுன்னா ஒம்பது, இல்லன்னா ஒண்ணும் வேணாம்" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"நீங்க போடலன்னா நான் எதுக்கு அங்க போய் வாயத் தொறந்தேன்? உங்க பொண்ணு படிப்ப யாரு பாப்பா, நானா? போடுங்கண்ணே, சும்மா உயிர வாங்காதீங்க."

போட்டார். போட்டுவிட்டு இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை.

வீட்டில் எங்கள் படுக்கையறைதான் இனிமேல் பதிவறை. என் வீட்டுக்காரர் கிடங்கில் வீணாகும் பஞ்சுத் தாள்களைத் தினமும் ஒரு கட்டு கொண்டுவந்து, எதுவும் சொல்லாமல் சுவரில் ஒட்டினார். நடுநிலையாளர் அந்த மூன்று மாதமும் கூடத்தில்தான் படுத்தார். பக்கத்து வீட்டில் நாய் இருக்கிறது. அதற்குப் பல்பு மாட்டி என்ன சொல்லிப் புரியவைப்பது?

கடைசி நாள் மதியம் சாமானெல்லாம் வண்டியில் ஏறிவிட்டது. கல் தட்டு, செருப்பு மூட்டை, குடைகள். ஒரு மைக்கும் இயந்திரமும்தான் மிச்சம். நடந்துகொண்டே இருந்த அந்தக் கிழவரின் படம் கெடு தள்ளித் தள்ளிப் போய், அதற்கு ஒரு நிமிட அமைதி மட்டும் பாக்கி இருந்தது. அதை எந்த அறையில் நடந்தோமோ அந்த அறையில்தான் எடுக்க வேண்டும். பல்பைப் போட்டேன்.

முதல் அறையில் இரும்பு அறுபடுவது நின்றது. பிறகு ரம்பம். பிறகு தையல் இயந்திரம். ஒவ்வொன்றாக நின்று, கடைசியில் தகரக் கூரை வெயிலில் முறுக்கிக்கொள்ளும் சத்தமும் ஓய்ந்தது. நாத்தனார் பொத்தானை அழுத்தினாள்.

ஒரு நிமிடம் ஆயிற்று. அவள் நிறுத்தவில்லை, நானும் நிறுத்தச் சொல்லவில்லை. இரண்டு நிமிடம், ஐந்து நிமிடம். எனக்குத் தும்மல்கூட வரவில்லை. வெளியே எட்டுப் பேர் கையைக் கட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். நான் அணைக்கிறவரை உட்கார்ந்திருப்பார்கள், பொழுது சாய்ந்தாலும் தட்ட மாட்டார்கள். எனக்காக இப்படி ஒரு தெருவே வாயை மூடிக்கொண்டிருப்பது இதுதான் கடைசித் தடவை. அழுகை வந்தது. மைக் இருந்ததால் சத்தம் வராமல் அழுதேன். அதில் எனக்குப் பழக்கம் உண்டு.

வெல்டர் அண்ணன் சாயங்காலத்துக்குள் ஒரு மேடைச் சட்டம் முடித்துக் கொடுக்க வேண்டும் என்று காலையில் சொன்னது நினைவுக்கு வந்தது. எழுந்துபோய்ப் பல்பை அணைத்தேன்.

பொத்தானிலிருந்து என் விரல் எடுபடுவதற்குள் இரும்பு அலறத் தொடங்கிவிட்டது. இயந்திரம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. நாத்தனார் மைக்கின் பக்கம் குனிந்து, தேதியைச் சொன்னாள்.

"கெட்டுப்போச்சு" என்றாள். "வெல்டர்."